மலைக்குக் கட்டிய துணி

பேத்துப்பாறை
12.8.2025

மாப்பிள்ளை ஒலியுல்லாவுக்கு,

குறிஞ்சியும் பூத்து, கஜா புயலும் அடித்து, என் பேரி மரம் பதினொன்றும் வேரோடு சாய்ந்ததே, அந்த வருசம்தான் என் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டை நீங்கள் வாங்கினீர்கள். ஏழு வருசம் சும்மா கிடந்தது. இப்போது உங்கள் மகன் ஷபீர் வீடு கட்ட ஆள் வைத்து மண் வெட்டுகிறான். வெட்டட்டும். ஆனால் காட்டின் அடி ஓரத்தில் குச்சி நட்டு, நீளத்துக்குப் பச்சைத் துணி கட்டியிருக்கிறான். அது எல்லைக் கல்லைத் தாண்டி என் நிலத்துக்குள் இரண்டு எட்டு வந்து நிற்கிறது. கேட்டால், "தாத்தா, இது வேலி இல்லங்க, மண்ணு எறங்காம இருக்கத் துணி" என்கிறான். முதலில் துணி, பிறகு கம்பி, பிறகு சுவர். வேலி எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும்.

போனில் சொன்னால் சொல்லவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் டீக்கடை சுப்புராஜை எழுதச் சொன்னேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லியும் கேட்டுவிட்டேன். துணியை வெரசா எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டம்மா மரியத்துக்கு முழங்கால் வலி தேவலையா?

இப்படிக்கு,
தங்கமுத்து (கைநாட்டு)

பழனி
20.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஒலியுல்லா எழுதிக்கொண்டது. மரியத்துக்கு வலி குறைந்திருக்கிறது, உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். முப்பது வருசம் மாமா என்று முறை வைத்து, உங்கள் பேரிக்காயைக் கூடையைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கியவன் நான். எனக்கு நோட்டீஸ் மாதிரி கடிதம் போடுகிறீர்களே.

அது வேலி இல்லை மாமா. சரிவில் மண்ணைத் தோண்டுகிறவன் அடியில் துணி கட்டி, அதன் ஓரத்தை ஒரு சாண் ஆழம் புதைக்க வேண்டும். குவித்த மண்ணை மூடி வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் வெட்டின இடத்தில் புல் பதிக்க வேண்டும். இதெல்லாம் அனுமதித் தாளில் விதியாகவே இருக்கிறது. மண் கீழே இறங்கினால் அனுமதியே போய்விடும். ஷபீருக்கு இங்கே கடை ஓடவில்லை. அங்கே குடியேறித்தான் பிழைக்கப் பார்க்கிறான். துணிக்குக் கீழே இருப்பது உங்கள் ஊற்று. அதைக் காப்பாற்றத்தான் கட்டியிருக்கிறான். வீடு முடிந்ததும் அவிழ்த்துவிடுவான்.

அன்புடன்,
ஒலியுல்லா

பேத்துப்பாறை
18.10.2025

மாப்பிள்ளைக்கு,

பதில் போட இரண்டு மாதம் ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதத்தைச் சுப்புராஜ் இரண்டு தரம் படித்துக் காட்டினான். அவனும் உங்கள் பக்கம்தான் பேசுகிறான். ஷபீரின் ஆட்களுக்கு அவன் கடையில்தானே டீ. எழுபத்தெட்டு வருசம் இந்த மலையில் இருக்கிறேன், மலைக்குத் துணி கட்டி யாரும் பார்த்ததில்லை. அவிழ்க்கப் போகிற துணியை எதற்கு ஒரு சாண் புதைக்க வேண்டும்? போன வாரம் ஒருவன் நாடா வைத்து அளந்தான். என்னைப் பார்த்ததும் சுருட்டிக்கொண்டான்.

இன்னொரு சேதி. தீபாவளிக்கு ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நேற்று காட்டு மாடு வந்து, ஊற்றுக்கு நேர் மேலே எட்டுக் குச்சியைச் சாய்த்துவிட்டது. நான் பார்க்கவில்லை. துணி எங்கே போனது என்றும் தெரியாது.

தங்கமுத்து (கைநாட்டு)

பழனி
29.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தீபாவளிக்கு மறுநாள் மழையில், துணி இல்லாத இடத்தில் மண் இறங்கி உங்கள் ஊற்றை மூடிவிட்டதாக ஷபீர் சொன்னான். தூர் எடுக்க அனுப்பிய ஆளை நீங்கள் விரட்டிவிட்டீர்களாம்.

அதிகாரி வந்து வேலையை நிறுத்திவிட்டார். காட்டு மாடு என்று ஷபீர் சொல்லியிருக்கிறான். கயிறு அறுபடாமல் கிடந்ததை எடுத்துக் காட்டி, "காட்டு மாடு முடிச்சையுமா அவுக்கும் தம்பி?" என்று கேட்டாராம். ஷபீரே எடுத்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார். பதினைந்து நாளில் காரணம் சொல்லாவிட்டால் அனுமதி ரத்து.

துணி உங்கள் கொட்டகையில் சுருட்டிக் கிடந்ததை ஷபீர் பார்த்திருக்கிறான். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நான் எதுவும் கேட்கவில்லை மாமா. குடிதண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள்?

ஒலியுல்லா

பேத்துப்பாறை
8.11.2025

பழனி ஒலியுல்லா அவர்களுக்கு,

பெருமாள்மலைக்குப் போய் முகம் தெரியாத ஆள் யாரையாவது பிடித்து இதை எழுதச் சொல்லலாம் என்று பஸ்ஸுக்கு நின்றேன். பிறகு, ஊருக்கும் தெரியட்டும் என்று சுப்புராஜிடமே வந்துவிட்டேன்.

நேற்று வெள்ளனே கொடைக்கானல் போய் அந்த அதிகாரியைப் பார்த்தேன். "குச்சியப் பிடுங்குனதும் நாந்தேன், முடிச்ச அவுத்ததும் நாந்தேன். அந்தப் பையன் மேல பிசகு இல்லங்க" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தேன். ஷபீர் துணியைத் திரும்பக் கட்டி, புல் பதித்துக் காட்டினால் வேலையைத் தொடரலாம் என்றார். ஏன் பிடுங்கினாய் என்றும் கேட்டார். என் எல்லை என்று சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

உங்களிடம் சொல்கிறேன். கஜாவில் மரங்கள் சாய்ந்து அடையாளம் கலைந்த பிறகு, எல்லைக் கல்லைப் பெயர்த்து மூன்று எட்டு மேலே நட்டவன் நான். ஷபீர் துணி கட்டியது உங்கள் மண்ணில்தான். கல் முதலில் இருந்த இடத்துக்கு மேலே ஒரு எட்டு விட்டுத்தான் கட்டியிருந்தான். நாடா பிடித்தவனைக் கண்ட பிறகு நான் குச்சியைப் பிடுங்கியது அதனால்தான்.

அந்த வருசம் சித்திரையில் காட்டை அளந்தபோது நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். கல்லை முதலில் நட்ட இடத்தைப் பார்த்தவர்கள் நாலு பேர். விற்ற கந்தவேல் மறு வருசமே போய்விட்டார். உங்களுக்காக வந்து நின்ற உங்கள் அண்ணன் ஷாகுல் ஹமீது கொரோனாவில் போனார். சங்கிலி பிடித்த பழனிக்குமார் இந்த ஆடி முதல் வாரம் செத்தான். இனிமேல் கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில்தான் உங்களுக்கு முதல் கடிதத்தையே போட்டேன்.

அளக்கிற ஆளை அனுப்புங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னை மாமா என்று கூப்பிட வேண்டியதில்லை. கல் இருந்த இடத்தைக் காட்ட அந்த நாலு பேரில் இன்னும் உயிரோடு இருப்பவன்,

தங்கமுத்து (கைநாட்டு)