கஞ்சிக் கொட்டகையில் உயர்ந்த கைகள்

என் ஞானம் அக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போகாது. அதனால் இதை அச்சில் எழுதுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர்கள் நாம் பேசுவதைக் கேட்பார்கள். கேட்கட்டும். அவர்கள் கேட்க வேண்டிய விஷயம்தான்.

நீ போன பிறகு இங்கே நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. ரப்பர் விலை விழுந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் விழுந்தது. காப்பார் பக்கத்தில் நீ ஊழியத்துக்குப் போய்வந்த தோட்டத்தில் கூலிக் குடும்பங்கள் இருந்த லயங்களில் பாதி காலி. ரயில்வேயிலும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். நம் தெருவில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருப்பது இப்போது சாதாரணம். உன் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் பலர் பெற்றோருடன் ஊருக்குக் கப்பலேறிவிட்டார்கள். போகிற பிள்ளைகள் நீ சொல்லிக்கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டுதான் போகிறார்கள் என்று எழுத ஆசைதான். நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்காததை எழுத மாட்டேன் என்பது என் தொழிலில் எனக்கிருந்த பெருமை.

அந்தப் பெருமைக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன்.

கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஊருக்குத் திரும்புகிறவர்கள் கப்பலுக்காகக் காத்திருக்க அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை இருக்கிறது. வேலை போன தோட்டத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு அங்கே கிடக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி காய்ச்சி ஊற்றி, சுவிசேஷமும் சொல்லிவிட்டு வரலாம் என்று நம் சபை மூப்பர் தாவீது ஐயா ஏற்பாடு செய்தார். ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலான பெரிய கிராணி அவர். நீ நன்றாக அறிந்தவர். அரிசி அவர் வீட்டு அரிசி. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். நானும் பத்திரிகைக்காகப் பென்சிலோடு கூடப் போனேன்.

இரண்டு அண்டாக்களில் கஞ்சி. மேலே வாழை இலை போட்டு மூடியிருந்தது. மூடினால் மட்டும் வாசனை நிற்குமா?

"முதல்ல வசனம், பிறகு கஞ்சி" என்றார் மூப்பர் எங்களிடம். "வயிறு நெறஞ்சா எல்லாரும் படுத்துடுவாங்க. அப்புறம் யாருக்குச் சொல்றது?"

பாட்டு, ஜெபம், பிறகு பிரசங்கம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி கதை நல்லாத்தான் இருக்குங்க ஐயா. கஞ்சிதான் ஆறிப்போவுது. அதுக்குப் பொறுமை இல்ல பாருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மூப்பரும் சிரித்தார். சிரித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்.

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து நம் வாலிபர் ஒருவர் இலையை விலக்கி அகப்பையைக் கையில் எடுத்தார். கெட்ட எண்ணத்தோடு எடுத்திருக்க மாட்டார். ஆனால் அகப்பை எழுந்ததும் கொட்டகை முழுக்கக் கைகள் எழுந்தன. இடுப்பில் இருந்த ஒரு குழந்தை இரண்டு கையையும் தூக்கியது.

தூக்கிய கைகளில் முக்கால்வாசியில் தகரக் குவளை இருந்தது, அக்கா. என் கண்ணால் பார்த்தேன். செய்தியில் கைகளை எழுதினேன். குவளைகளை எழுதவில்லை.

பிறகு ஒரு சிலரிடம் பெயர் கேட்டேன். பெயரில்லாத செய்திக்கு உயிர் இல்லை என்று இளம் நிருபர்களுக்குச் சொல்லுகிறவன் நான். ஒரு பெண் தானாக முன்னால் வந்து நின்றாள். "அஞ்சலைங்க. காப்பாருத் தோட்டம். புருஷன் செத்துட்டாரு. ஒரு புள்ளைங்க ஐயா, ரெண்டு பங்கு" என்றாள். அந்த 'ரெண்டு பங்கு' எனக்கு அப்போது விளங்கவில்லை என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். விளங்கியது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதிக்கொண்டேன்.

செய்தி வந்தது. 'துறைமுகக் கொட்டகையில் ஆத்தும அறுவடை' என்று தலைப்பு. உலகமே கலங்கிக் கிடக்கும் காலத்தில் நம் சபை தன் கடமையை மறக்கவில்லை என்று முதல் வரி. சபையில் அதை எழுந்து நின்று வாசித்தார்கள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் குலுக்கக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் மாணிக்கம் உள்ளே வந்தார். "அண்ணே, ஒங்களத் தேடி ஒரு அம்மா வந்திருக்கு. பேப்பர் வாங்க வந்த மொகமா தெரியல. சண்டைக்கு வந்த மொகம்."

வாசலில் அஞ்சலை. கிள்ளானிலிருந்து விறகு லோரியில் வந்திருந்தாள். புடவையெல்லாம் மரத்தூள். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஞானம்மா தம்பி நீங்கதானே?"

"ஆமாம்மா."

"எம் பேரப் பேப்பர்ல போட்டதும் நீங்கதானே?"

அதற்கும் ஆமாம் என்றேன்.

"கொட்டகை வாசல்ல காப்பிக் கடைக்காரரு சத்தமாப் படிச்சாரு. எம் பேரு வந்ததும் எங்க மூத்தாரு எழுந்து போனாரு. போயி என் மூட்டையத் தூக்கி வெளிய வச்சிட்டாரு."

மூத்தார் என்றால் அவள் கணவனின் அண்ணன் வீரப்பன். கணவன் இறந்த பிறகு அவளும் பிள்ளையும் அவர் குடும்பத்தோடுதான் இருந்தார்கள். ஊருக்குப் போனாலும் அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். அவளுக்கென்று அங்கே வேறு ஆள் இல்லை.

"கஞ்சிக்குச் சாமிய மாத்துனவ எங்ககூடக் கப்பல் ஏற வேணாம்ங்கிறாரு. இங்க வேல இல்ல. அங்க வீடு இல்ல. நான் எங்க போறது, சொல்லுங்க?"

"அப்புறம் ஏம்மா பேர் கொடுத்தே?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்தது, அக்கா. உன் காதில் விழுந்திருக்காது என்று நம்புகிறேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கொட்டகைக்குப் பென்சில் எடுத்துட்டு வர்றவங்க எல்லாம் அரிசிக்கு எழுதுவாங்க, இல்லாட்டி கப்பலுக்கு எழுதுவாங்க. பேப்பருக்கு எழுதுறவங்களும் வருவாங்கன்னு எனக்கு என்னங்க தெரியும்?"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "எங்க அக்கா ஒன்கிட்ட இயேசுவப் பத்திச் சொன்னதில்லையாம்மா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்களே. எங்க வீட்டுக்காரரு காய்ச்சல்ல கெடந்தப்ப வந்து வந்து பாத்தாங்க. ஒரு நா எங்க வீட்டு வரக்காப்பியக் குடிச்சுக்கிட்டே சொன்னாங்க. 'நான் நம்புறது இது, அஞ்சல. ஒனக்குச் சொல்லாம வச்சுக்க மனசில்ல, சொல்லிட்டேன். இனி நீ கேட்டாத்தான் சொல்லுவேன். கேக்காட்டியும் வருவேன்'னாங்க. அதே மாதிரி வந்தாங்க. நான் யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இன்னும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்குள்ள நீங்க பேப்பர்ல போட்டுட்டீங்க."

பக்கத்து அறையில் மாணிக்கம் எழுத்துக் கோக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

உன் கூடப் பிறந்தவன் நான். நீ அவளுக்கு எப்படிச் சொன்னாய் என்பதை அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ இருந்தபோது ஒருநாளாவது நான் கேட்டிருக்கக் கூடாதா? வெயிலில் காப்பாரிலிருந்து திரும்பி வருவாய். இன்றைக்கு எத்தனை வீடு என்று மட்டும் கேட்பேன். எனக்குச் செய்தி வேண்டியிருந்தது.

அன்று மாலையே மூப்பர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

"தம்பி, அந்தச் சனம் கப்பலேறிப் போயிட்டா அதுக்குப் பிறகு யாரு அவங்களுக்குச் சொல்றது? போய்ச் சொல்லுங்கன்னு நமக்குக் கட்டள இருக்கா இல்லையா? உலகம் இப்படி எரியிறப்ப வாய மூடிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"இல்லீங்க ஐயா."

"ஒங்க அக்கா இருந்திருந்தா என் பக்கம் நின்னுருக்கும்."

"அக்காவும் சொல்லியிருக்கும் ஐயா. கஞ்சிய ஊத்திட்டுச் சொல்லியிருக்கும்." பிறகு குவளைகளைப் பற்றிச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "குவளையா? நான் பாக்கலியே. கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஏன் எழுதல?"

எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டு விழிக்க வைத்தவன் நான். அன்று கேள்வி என் பக்கம் திரும்பியது. ஏன் எழுதவில்லை? சபை சந்தோஷப்படும் என்பதால். என் பெயர் நல்லபடி பேசப்படும் என்பதால். இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நான் பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு மனிதனிடமாவது, "நான் நம்புவது இது" என்று சொன்னதில்லை. மாணிக்கம் என்னோடு பல வருஷமாக வேலை செய்கிறார், அவரிடம்கூட இல்லை. பிறர் சொன்னதை எழுதினேன். கீழே 'நமது நிருபர்' என்று போட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நல்ல இடம் இருந்தது. கொட்டகையில் அத்தனை கைகளையும் பார்த்தபோது, நான் செய்யாத கடமையையெல்லாம் ஒரே மத்தியானத்தில் யாரோ எனக்காக முடித்துவிட்டதுபோல நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

இரவு எங்கள் வீட்டில் தங்கிய அஞ்சலையை மறுநாள் அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். நிலையத்தில் மூப்பர் நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. "நானும் வரேன்" என்று மட்டும் சொன்னார்.

கொட்டகையில் வீரப்பன் எங்களை உட்காரச் சொல்லவில்லை. மூப்பர் கும்பிட்டு, "தப்பு எங்களோடது. இந்தப் பொண்ணு மேல ஒண்ணுமில்ல" என்றார். பெரிய கிராணி ஒரு தோட்டத்து ஆளைக் கும்பிட்டதை நான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

வீரப்பன் என்னைத்தான் பார்த்தார். "பேப்பர்ல போட்டதை வாயால அழிக்க வந்தீங்களாக்கும்? எனக்குக் கட்டிக்கொடுக்க ரெண்டு பொண்ணு இருக்குங்க ஐயா. நாங்க ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள இந்தக் கஞ்சிக் கதை போயிச் சேர்ந்துடும். கூட வர்றவன் அத்தன பேரும் கேட்டவன்தான். ஒங்க சாமி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. அந்த ஞானம்மா எந் தம்பிக்குத் தல பிடிச்சு விட்டது எனக்கும் தெரியும். ஆனா அச்சுல வந்தது அச்சுலதான் போவணும். எழுதிக் கொண்டாங்க. அதே கடைக்காரரு, அதே மாதிரி சத்தமாப் படிக்கட்டும். அப்புறம் பாப்போம்."

அதனால்தான் இந்தக் கடிதம், அக்கா. மறுப்பு என்று ஓரத்தில் நாலு வரி போட்டிருக்கலாம். நாலு வரியை யாரும் சத்தமாகப் படிக்க மாட்டார்கள்.

எல்லோரும் கேட்கும்படி எழுதுகிறேன்: காப்பார் அஞ்சலை கஞ்சிக்காகத் தன் சாமியை மாற்றவில்லை. பசித்த பிள்ளைக்காகக் குவளையைத் தூக்கினாள். அதை விசுவாசம் என்று எழுதியவன் நான். பசித்தவர்களை உட்காரவைத்துக்கொண்டு நம்பச் சொன்னவர்கள் நாங்கள். வெட்கப்பட வேண்டியது நாங்கள்தான், அவள் அல்ல. அன்று கை தூக்கிய மற்றவர்களும் அல்ல.

நாம் சொல்லாமல் இருந்துவிடலாமா? இருக்க முடியாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நல்லதென்று நாம் நம்பும் ஒன்றை, இவ்வளவு கஷ்டத்தில் கிடக்கிற மனிதரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வது எப்படி? ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போக வழியில்லாத மனிதரிடம் நாம் சொல்வதெல்லாம் அவர் காதில் என்னவாக விழும்? இதற்கு நீ என்ன பதில் வைத்திருந்தாய்? உன் பதிலைக் கேட்காமலே உன்னை அனுப்பிவிட்டேனே.

கப்பல் இந்த வாரக் கடைசியில். பத்திரிகை ஈரம் காய்வதற்குள் முதல் ரயிலில் எடுத்துப் போகிறேன். மூப்பரும் வருகிறார். கடைக்காரர் படிக்கும்போது கூட்டத்துக்கு நடுவில் நிற்பேன். வீரப்பன் என்ன சொல்வார் என்று தெரியாது. அவர் மனம் இளகி அவளைக் கூட்டிப் போனால், அவள் மூட்டையை நானே கப்பலடி வரைக்கும் தூக்கிப் போவேன்.

அவர் மறுத்துவிட்டால், அதற்கும் ஏற்பாடு செய்திருக்கிறோம். என் மனைவி எஸ்தர் உன் அறையைக் கூட்டிக் கழுவி வைத்திருக்கிறாள். அஞ்சலையும் பிள்ளையும் வேண்டிய மட்டும் அங்கே இருக்கலாம். அந்த அறையில் இருப்பதற்காக அவள் எதையும் நம்ப வேண்டியதில்லை. எங்கள் மேசையில் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குக் கிளம்பும்போது வருகிறாயா என்று கண்ணால்கூடக் கேட்க மாட்டோம். இதை உனக்கு வாக்காகக் கொடுக்கிறேன்.

இன்னொரு வாக்கும் உண்டு. இந்தப் பக்கத்தை அச்சுக் கோக்கப்போவது மாணிக்கம். வேலை முடிந்ததும் அவரை அச்சுக்கூட வாசல் கடைக்கு அழைத்துப் போய் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகு, நான் நம்புவது என்ன என்பதை ஒரே ஒரு தடவை சொல்லப்போகிறேன். எனக்குச் சொல்ல வருமா என்று தெரியவில்லை. முயன்று பார்க்கிறேன்.

இந்த முறை சொந்தப் பெயரில்,
உன் தம்பி சாமுவேல்