பாதியில் நிற்கும் எக்காளம்



அன்புள்ள அப்பாவுக்கு வான்மதி எழுதுவது. பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஆபீஸ் வேலையாகப் போலந்தில் கிராக்கோ என்ற பழைய ஊருக்குப் போய் வந்தேன். அரண்மனை, அதன் அடியில் டிராகன் வாழ்ந்ததாகச் சொல்லும் குகை எல்லாம் தனியாகவே சுற்றினேன். பியரோகி என்று கொழுக்கட்டை மாதிரி ஒன்று சாப்பிட்டேன், உள்ளே உருளைக்கிழங்கு. அம்மா பார்த்திருந்தால் "மடிப்பே சரியில்ல" என்றிருப்பாள்.

அங்கே மாதா கோயில் கோபுரத்தில் மணிக்கொரு தரம் எக்காளம் ஊதுகிறார்கள். பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடுகிறது. எதிரி வருவதைக் கண்டு ஊதிய காவல்காரனின் தொண்டையில் அந்த இடத்தில்தான் அம்பு பாய்ந்ததாம். இன்றும் அங்கேயே நிறுத்துகிறார்கள். கூட்டம் கைதட்டியது. எனக்கு உங்கள் நினைவு வந்தது.

அம்மா தவறிய பிறகு, போனில் நாலு வார்த்தை பேசியதும் "இரு கண்ணு, அம்மாட்ட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிடுகிறீர்கள். உடனே "சரி, வெச்சர்றேன்" என்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பெரியப்பா மகன் இளமாறன் வரும்போது பருப்புப் பொடி கொடுத்தனுப்புங்கள். அரைக் கிலோ போதும், ஒருத்திக்குத்தானே. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். அந்த இடம் வந்தால் போனை வைத்துவிடாதீர்கள் அப்பா. எதுவும் பேச வேண்டாம், சும்மா லைனில் இருங்கள்.

உங்கள் மகள்,
வான்மதி