ஹெல்மெட்டுக்குள் ஒரு கூடு

மார்ச் 3, செவ்வாய்

கொல்லைப்புறத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி வீட்டுக்காரி இவள் ஒரு வாரமாக என் காதில் ஓதிக்கொண்டிருக்கிறாள். இன்று ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேருக்கு ஒரு வண்டியும் வரவில்லை. தப்பிக்க வழியில்லை. பழைய டயர், துருப்பிடித்த சைலன்சர் எல்லாவற்றையும் எடைக்குப் போட ஒதுக்கினேன். சுவர் ஆணியில் மகளின் ஹெல்மெட், வாய் மேலே பார்த்தபடி தொங்கியது. கழற்றப் போனால் உள்ளேயிருந்து ஒரு பறவை விருட்டென்று என் முகத்துக்கு நேரே பறந்தது. உள்ளே காய்ந்த புல்.

சரி, தொங்கட்டும். அதை எடைக்குப் போட எனக்கும் மனம் வந்திருக்காது.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலைக்குப் போனதிலிருந்து ஞாயிறுதோறும் அம்மாவின் போனில் கூப்பிடுவாள். அம்மாவோடு அரைமணி நேரம். கடைசியில் போன் என் கைக்கு வரும். "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேன். நீ?" "சாப்பிட்டேன்." அத்தோடு இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிடும்.

இன்று, "உன் ஹெல்மெட்டுல ஏதோ குருவி கூடு கட்டுது" என்றேன். அவள் குரலே மாறிப்போனது. என்ன நிறம்? கறுப்பும் வெள்ளையும். வாலைத் தூக்கித் தூக்கி நிற்குமா? ஆமாம். "குண்டுகரிச்சான்பா அது! நல்லாப் பாடும். பக்கத்துல ரொம்பப் போகாதீங்க."

சின்னப் பிள்ளையில் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று, அதோ பாருங்கப்பா, இதோ பாருங்கப்பா என்று நச்சரித்த குரல். அப்போதெல்லாம் தலையைத் தூக்காமலே ம் கொட்டியிருக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு ஸ்கூட்டர் கண்ணாடியை நீளக் கம்பியில் முறுக்கி, வலிக்கிற முழங்காலோடு ஸ்டூல் போட்டு ஏறி, ஹெல்மெட்டுக்குள் காட்டிப் பார்த்தேன். நான்கு முட்டைகள். இளம்பச்சையில் பழுப்புப் புள்ளி.

"கண்ணாடியா? நீங்க பெரிய ஆளுப்பா" என்று சிரித்தாள் மகள். போனை வாங்கிக்கொண்ட இவள், "இத்தனை வருஷத்துல என் முகத்தை இப்படிப் பாத்ததில்ல உங்கப்பா" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

பொரித்துவிட்டன. நான்கும் ஒரே வாயாக இருக்கின்றன.

மார்ச் 28, சனி

பூனை.

நேத்து பாத்துட்டு ஸ்டூலை எடுத்து உள்ளே வச்சேனா? வைக்கல. அதுமேல ஏறித்தான் போயிருக்கு. ஒண்ணுகூட மிச்சமில்ல. பக்கத்துல போகாதீங்கன்னு அவ சொன்னாளே. எனக்கு எதுக்கு இந்த வேடிக்கை?

தாய்ப்பறவை வாயில் புழுவோடு வந்து சுவர்மேல் உட்கார்ந்தது. விழுங்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவரின் வண்டியில் பிரேக்கை மாட்டாமலே கொடுக்கப் பார்த்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

"குஞ்சு எப்படிப்பா இருக்கு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கு" என்று வந்துவிட்டது. சமையலறையிலிருந்து இவள் எட்டிப் பார்த்தாள்.

சொன்னால் என்ன ஆகும்? திட்டமாட்டாள். மறுபடியும் சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டேன். அது போதும் என்று இருந்தவன்தான் நான். இப்போது போதவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கண் திறந்துவிட்டது என்று சொன்னேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இறகு முளைத்துவிட்டது என்றேன். அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. பறந்துவிட்டது என்றால் கதை முடிந்தது.

"எனக்கு லீவு கிடைக்கற வரைக்கும் பறக்கவிடாதீங்கப்பா" என்றாள். சிரித்துக்கொண்டு சொன்ன மாதிரிதான் இருந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்னும் கூட்டில்தான் இருக்கின்றன, சிறகடித்துப் பார்க்கின்றன என்றேன். போனை வைத்ததும் இவள், "உங்க குஞ்சுக்கு மீசை முளைச்சிடப் போகுது" என்றாள். எழுந்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டேன்.

மே 3, ஞாயிறு

வருகிறாளாம். சனிக்கிழமை.

சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? அவள் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று ஒரு வண்டியின் என்ஜினைக் குடைந்துகொண்டிருந்தேன். "வரேன்பா" என்றாள். "ம்" என்றேன், எழுந்திருக்கவில்லை. அந்த என்ஜினில் கோளாறு ஒன்றும் இல்லை. எழுந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் போகாதே என்று சொல்லியிருப்பேன். அதற்குத்தான்.

மே 9, சனி

வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். கம்பியை எடுத்து ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியைக் காட்டினாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நேத்துதான் பறந்துச்சு" என்றேன்.

"பொரிச்சா பதினஞ்சு நாள்ல பறந்துடும்பா இது. நீங்க ஒரு மாசத்துக்கு மேல வளத்திருக்கீங்க."

திரும்பி இவளைப் பார்த்தேன். "நான் ஒண்ணும் சொல்லல. அவளுக்குத் தெரியாத குருவிக் கணக்கா?" என்று உள்ளே போய்விட்டாள்.

பூனை, ஸ்டூல், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டே இருந்தே?"

"நீங்க எதுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தீங்க?"

அவள் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து என் முழங்காலை அமுக்கிப் பார்த்து, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். நான் நொண்டுவதை யார் சொன்னார்களோ.

மே 12, செவ்வாய்

பஸ் நிலையத்துக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அவளுக்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்த வேறு ஹெல்மெட்டைக் கொடுத்தேன். பஸ் திரும்பி மறைகிறவரை நின்றேன். வீட்டுக்கு வந்தால் கொல்லைப்பக்கம் போகக் கால் வரவில்லை.

மே 17, ஞாயிறு

போன் அடித்தது. இவளுடையது இல்லை, என்னுடையது. கிரீஸ் கையோடு எடுத்தேன்.

குருவியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முழங்கால் எப்படிப்பா இருக்கு?" என்றாள். நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வலிக்குதும்மா" என்றேன்.