ஈறுக்கு ஒரு மெத்தை

தினமும் காலையில் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே ஆபீசுக்கும் கிளம்பிய என் சரசு அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. திதிக்குப் பத்திரிகையில் உன் படம் போட வேண்டும் என்று அம்மா சொன்னார். எந்தப் படம் என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. என் பட்டமளிப்பு விழாவில் எடுத்ததை எடுத்துக் கையில் கொடுத்தார். நீ பல் தெரியச் சிரிக்கிறாய். என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் போடச் சொன்னேன். என் கறுப்பு அங்கியின் ஓரம் மட்டும் உன் தோளை ஒட்டிக் கொஞ்சம் தெரியும். பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

படத்துக்குக் கீழே நாலு வரி எழுதச் சொன்னார் அம்மா. நாலு வரியில் அடங்கவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்களும் படித்துக்கொள்ளட்டும். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். உன் மேல்வரிசை முழுக்கப் பொய்ப்பல் என்பதை நீ ஒருநாளும் மறைத்ததில்லையே. யாராவது உன் பல்வரிசையைப் புகழ்ந்தால், "உங்களுக்கெல்லாம் சும்மா முளைச்சது. எனக்கு டாக்டர் அளவெடுத்துச் செஞ்சு குடுத்ததுலா" என்பாய். கேட்டவர்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிற்பார்.

ஆனால் அந்தப் பல் இல்லாமல் உன்னை யாரும் பார்க்கக் கூடாது. அது ஒன்றுதான் உன் சட்டம். பினாங்கில், ஜெலுத்தோங் வீட்டில் ஒரே அறையில் ஒரே கட்டிலில் உன்னோடு படுத்தவள் நான். நானே பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் மூடிபோட்ட கிண்ணத்தைத் திறப்பாய். நான் எழுவதற்குள் பல் வாய்க்குப் போயிருக்கும்.

ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவைப் பார்த்தவள் நீ. துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பல் முழுவதையும் பிடுங்கினார்கள். ஈறு நன்றாக ஆறின பிறகுதான் செயற்கைப்பல், பல மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்களாம். காத்திருந்த காலத்தில் அப்பா வேலைக்குப் போகும்போதும் துண்டால் வாயை மூடிக்கொண்டு போனார். கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினார். பிறகு எங்களோடு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். பல் வருவதற்கு முன்னால் மாரடைப்பு வந்துவிட்டது. எனக்கு அப்பாவின் துண்டு நினைவிருக்கிறது, வாய் நினைவில் இல்லை. உனக்கு இரண்டும் நினைவிருந்தது.

அப்பா போனதும் நீ மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டாய். பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். இதைப் பற்றி எழுதினால் "போதும் விடுடி" என்பாய். விட்டுவிடுகிறேன்.

உனக்கும் ஈறு வீங்கிச் சீழ் வைத்து, மேல்பல் எல்லாம் ஆட ஆரம்பித்த வருடம்தான் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். பினாங்கு ரோட்டில், மாடியில் இருந்த சீனப் பல் டாக்டரம்மா மிஸ் டானிடம் நாம் இரண்டு பேரும் போனோம். அவர் உன் வாயைப் பார்த்துவிட்டு மலாயில் மெதுவாகச் சொன்னார், எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று. நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய். "எத்தனை நாள் பல்லு இல்லாம இருக்கணும்?"

ஒரு நாள்கூட வேண்டாம் என்றார் அவர்.

நீ அவரை எப்படிப் பார்த்தாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் கடைவாய்ப் பற்களை மட்டும் எடுத்தார். அது ஆறியதும், முன்பற்கள் வாயில் இருக்கும்போதே அச்செடுத்துப் புதுப் பல்லைச் செய்து வைத்துக்கொண்டார். பிறகு ஒரு காலையில் மிச்சம் இருந்ததை எடுத்த கையோடு புதியதைப் பொருத்தினார். மாடிப்படியில் நீ இறங்கி வந்தபோது உதடு தடித்திருந்தது, கைக்குட்டையில் இரத்தம் இருந்தது. ஆனால் வாய் நிறையப் பல்லும் இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துப் பார்த்துக்கொண்டாய். வலிக்கிறதா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாய். ஆமாமா, இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் டாக்டர் பார்க்கும்வரை அதைக் கழற்றவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவுக்கு அது புரியவேயில்லை. ஆறவைத்த கஞ்சியோடு உன் பின்னாலேயே நடந்தார். "புண்ணு மேல அதை எதுக்குடி அழுத்தி வச்சிருக்க? கழட்டி வச்சுட்டு ரெண்டு வாய் குடி." நீ பல்லைக் கடித்துக்கொண்டே, "கழட்டினா ஈறு வீங்கிரும்மா, திரும்ப ஏறாது" என்றாய். "என்னமோ செருப்பு மாதிரி பேசுற" என்று முணுமுணுத்துக்கொண்டு அம்மா போய்விட்டார்.

ஈறு ஆற ஆறச் சுருங்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. சில வாரங்களில் பல் தளர்ந்து ஆட்டம் கண்டது. உரசிய இடமெல்லாம் புண். அப்போதுதான் அவர் ஒரு வெள்ளைப் பொடியை ஏதோ ஒரு திரவத்தில் குழைத்து, பல்செட்டின் உட்புறம் தடவி உன் வாயில் வைத்தார். பேசு, விழுங்கு, மெல்லுவதுபோல் செய் என்றார். அது மெல்ல இறுகி, ரப்பரைவிட மெத்தென்று, உன் ஈறு எப்படி இருக்கிறதோ அப்படியே பதிந்துகொண்டது. ஈறு மாற மாற இதையும் மாற்றிக்கொண்டே வர வேண்டும், ஈறு மாறாமல் நின்ற பிறகு கெட்டியாகவே ஊற்றித் தருகிறேன் என்றார். இது என்ன என்று கேட்டதற்கு, ஈறுக்கு ஒரு மெத்தை என்று வைத்துக்கொள் என்றார். அன்றிலிருந்து நம் வீட்டில் அதற்குப் பெயர் மெத்தை.

அந்த மெத்தையைத்தான் அம்மா சுரண்டி எடுத்தார்.

இதைச் சொல்ல அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது, நானா திருடிட்டேன்?" என்றார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீ எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போயிருந்தாய். கிண்ணம் குளியலறைக்கு வெளியே, குழாயடியில் இருந்தது. பக்கத்திலேயே அம்மா புளி போட்டு விளக்கு தேய்த்துக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். பல்லின் உள்ளே வெளிறிப்போய் ஏதோ ஒட்டியிருக்கிறது. மகள் குடித்த கஞ்சி என்று நினைத்தார். கரண்டிக் காம்பால் சுரண்டி, அதே புளியால் தேய்த்து, குத்துவிளக்கோடு சேர்த்துக் கழுவி வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை, உனக்கு அரைநாள் வேலை. பல் வாயில் சரியாக உட்காரவில்லை என்று குளித்து வந்தபோதே தெரிந்தும் வேலைக்குப் போய்விட்டாய். வீட்டுக்கு வந்து, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு எங்களுக்கு நடித்துக் காட்டினாய். முதல் அழைப்புக்கு 'குட் மார்னிங்' சொல்லி முடிக்கவில்லை, பல் நாக்கின் மேல் விழுந்ததாம். அடுத்த அறையில் கணக்கெழுதும் கிராணி எட்டிப் பார்ப்பதற்குள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாயாம். பிறகு ஒருமணி வரைக்கும் இடது கட்டைவிரலால் பல்லைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் இணைப்புக் கொடுத்திருக்கிறாய். எதிர்முனையில் இருந்தவர், "மிஸ், உங்களுக்குச் சளியா?" என்று கேட்டாராம். சொல்லிவிட்டு நீயே விழுந்து விழுந்து சிரித்தாய். கைக்குட்டை மட்டும் விலகவில்லை. அம்மா சிரிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை டாக்டரிடம் அம்மாவும் வந்தார். மிஸ் டான் பல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, இதை யாராவது சமைத்தீர்களா என்று கேட்டார். அம்மா தன் உடைந்த மலாயில், பளபளவென்று இருக்கட்டும் என்றுதான் தேய்த்தேன் என்றார். மிஸ் டான் சிரித்துக்கொண்டே புது மெத்தை குழைத்தார்.

இப்போது சிரிக்காத பகுதிக்கு வருகிறேன், அக்கா.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் படிப்பை முடித்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். உன் உடம்பு உருகியது. அதோடு ஈறும் வற்றிப்போய், கெட்டியாக ஊற்றித் தந்த பிறகு வருடக்கணக்கில் அசையாமல் இருந்த பல் மறுபடியும் விழ ஆரம்பித்தது. பார்க்க வருபவர்களை வராதே என்றாய். போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாய். அப்பாவின் துண்டு என் கண்முன் வந்தது.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் மணி அடிக்கக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போகிறவள். ஆனாலும் அந்த மாடிப்படியை ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா என்று கேட்பதற்குள் மூன்று நோயாளிகள் எனக்குப் பிறகு வந்து எனக்கு முன்னால் உள்ளே போய்விட்டார்கள். மிஸ் டான் முழுவதையும் கேட்கவில்லை. மதியம் வருகிறேன் என்றார்.

திரைச்சீலையை இழுத்துவிட்டு, உன் சாப்பாட்டு மேசையின் மேலேயே பொடியைக் குழைத்தார். அதன் வாடை வார்டு முழுக்கப் பரவியது. வாயில் வைத்த பிறகு, பேசுங்கள், பேசினால்தான் சரியாகப் பதியும் என்றார். நீ தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாய். பிறகு உன் ஆபீஸ் குரலில், "குட் மார்னிங். மே ஐ ஹெல்ப் யூ?" என்றாய். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு கிழவி, "எனக்கா கேக்குற?" என்றாள். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பும் மெத்தையில் பதிந்திருக்கும், இல்லையா?

அதற்குப் பிறகு போர்வை கழுத்துக்குக் கீழேயே இருந்தது.

நீ போன காலையில் அம்மாவும் நானும் அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து வந்திருந்த பெரியப்பாவும் கட்டிலருகே இருந்தோம். பல் கிண்ணத்தில் இருந்தது, போர்வையை நான் உன் மூக்குவரை இழுத்துவிட்டிருந்தேன். நர்ஸ் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உன் தாடையைக் கட்டத் துணி எடுத்தார். எனக்கு நர்சை மிஸ்ஸி என்று கூப்பிடக்கூட வாய் வரவில்லை. இரண்டாம் தடவைதான் வந்தது. கட்டாதீங்க, முதலில் பல் வைக்க வேண்டும் என்றேன்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "போற பொண்ணுக்கு எதுக்கும்மா பல்லு? வாய்க்கரிசி போடுற வாயி. அதுல வேற ஒண்ணும் இருக்கக் கூடாது."

"அக்கா பல்லோடதான் வீட்டுக்கு வரும், பெரியப்பா."

"யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம். "அக்காவப் பல்லு இல்லாம யாரும் பார்த்ததில்ல. இன்னிக்கும் பார்க்க வேணாம்" என்றேன்.

மிஸ்ஸி அம்மாவைப் பார்த்தார். அம்மா பெரியப்பாவைப் பார்க்கவில்லை. "தங்கச்சி சொல்றபடியே ஆகட்டும்" என்றார். பிறகு பெரியப்பாவை வெளியே போய் வண்டிக்குச் சொல்லச் சொன்னார். அவர் போனார்.

நான் பல்லை நனைத்து எடுத்துக்கொண்டு உன் அருகில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். விரலாலேயே தடவி உள்ளே கொண்டுபோய் மேலே அழுத்தினேன். மெத்தை உன் ஈறைக் கண்டுபிடித்து உட்கார்ந்ததை என் கட்டைவிரல் உணர்ந்தது. அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தேன்.

நானும் பார்க்கவில்லை, அக்கா.

வீட்டில் கூட்டம் நீ நினைக்காத அளவுக்கு இருந்தது. கப்பல் கம்பெனி ஆட்கள், சுங்க அலுவலகத்தார், வெல்ட் கீ துறைமுகத் தெருவிலிருந்து கிடங்கு கிராணிகள். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும். வாசலில் நின்று ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொண்டார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்களில் பாதிப் பேருக்கு உன் குரலை மட்டும்தான் தெரியும். வருடக்கணக்காக உன்னோடு பேசியவர்கள் உன் முகத்தைப் பார்க்க அன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். ஒரு வயதான சீனர் உன் அருகில் நெடுநேரம் நின்றார். "நான் நினைத்த மாதிரியேதான் இருக்கிறார்" என்று என்னிடம் மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

இனி நம் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார். முட்டிவலி மட்டும்தான். எனக்கு ஆபீசில் இப்போது கூட்டங்களில் குறிப்பு வாசிக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். முதல் வரியில் தடுமாறுவேன், பிறகு பழகிவிடும்.

போன வாரம் பெரியப்பா ஃபெரி ஏறி வந்தார். அன்றைய பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அம்மா அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "அந்தச் சீன டாக்டரம்மா இன்னும் இருக்காங்களா? அன்னிக்கே எடுத்து அன்னிக்கே வச்சிருவாங்களாமே." மேல்பல் எல்லாம் ஆடுகிறதாம். "அங்க யாருக்கும் தெரிய வேணாம்மா" என்றபோது கை தானாகவே வாய்க்குப் போனது. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, பத்திரிகை வரும்போது வாயில் புதுப் பல் இருக்கும், எழுதிக்கொள் என்றார்.

சனிக்கிழமை நான்தான் கூட்டிப்போகிறேன். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நானே கேட்பேன். பெரியப்பா வாயைத் திறக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். புதுப் பல் உட்கார்ந்து, அவரே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கையால் தலை வாரிக்கொண்ட தங்கச்சி,
மல்லிகா