போட்டில் ஏற்றிய கதிரை

மச்சான்,

இன்று சுபஹுத் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனால், என் போட்டுக்குப் பக்கத்தில் மணலில் ஒரு புது நீலக் கதிரை நிற்கிறது. கழுவித் துடைத்து, காலில் மண் ஒட்டாமல் கீழே ஒரு சாக்கும் விரித்திருக்கிறது. என் மகளுக்கு, உங்கள் மருமகளுக்கு, கல்யாணம் முடிந்து ஒன்பது நாள். மாப்பிள்ளைக்கு ஊர் அட்டாளைச்சேனை. கடலுக்குள் போய்ப் பார்க்க ஆசை என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஈரப் பலகையில் குந்தலாமா என்று என் மனைவி விடியுமுன்னே அவர் சாய்ந்து உட்காரக் கதிரையை அனுப்பிவிட்டாள். அவளுக்கும் நம் கதை தெரியும், ஆயிரம் தரம் கேட்டுச் சிரித்தவள்தான். அப்படியிருந்தும் அனுப்பியிருக்கிறாள்.

கேனைத் திறந்து மண்ணெண்ணெயை மணந்து பார்த்தேன். அந்த மணத்தோடு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

பன்னிரண்டு வருடம் முந்திய ஆடி மாதம் அது. நீங்கள் சம்மாந்துறையில் இருந்து என் தங்கச்சியைக் கட்டி, சாய்ந்தமருதில் எங்கள் உம்மா வீட்டுக்கு வந்து ஏழு மாதம். நம் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவது. உம்மா பழைய ஆள். மருமகன் முகத்துக்கு முன்னால் வரமாட்டா. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "மகள், மாப்பிள்ளைக்குக் கறி போதுமாண்டு கேளு" என்பா. நீங்களும் தங்கச்சியைப் பார்த்து, "போதும் எண்டு சொல்லுங்க" என்பீர்கள். நடுவில் நின்ற தங்கச்சிக்குத் தபால்காரி வேலை. உங்களுக்கு மட்டும் பூப்போட்ட கோப்பை, உங்களுக்கு மட்டும் கோழியின் தொடை. நீங்கள் வீட்டுக்குள் வந்தால் எல்லோரும் எழும்புவோம். அதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சி என்னிடம் வந்து அழுதாள். நீங்கள் வாயைத் திறந்து ஒரு குறையும் சொல்லவில்லையாம், ஆனால் அடுத்த மாதம் சம்மாந்துறைக்கே போய்விடுவோம் என்கிறீர்களாம். உம்மா தனிய. வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். நானோ என் மனைவி வீட்டில். தங்கச்சியும் போய்விட்டால் அந்த வீட்டில் விளக்குப் போட ஆளில்லை. உங்களை எப்படியாவது நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்தது கடல் ஒன்றுதான். ஒரு நாள் மீனுக்குக் கூட்டிப்போய், கடலில் வைத்துக் கதைப்போம் என்று திட்டம் போட்டேன்.

திட்டம் போட்ட நான் செய்த வேலையைப் பாருங்கள். உம்மா இடியப்பம், கோழிக்கறி, வட்டிலப்பம் என்று ஒரு கல்யாண வீட்டையே கட்டி அனுப்பினா. கூடவே வீட்டுக் கதிரையும் வந்தது. சின்ன போட், கதிரையை வைத்தால் கால் வைக்க இடமில்லை. என்ன செய்தேன்? இரண்டாவது எண்ணெய்க் கேனைத் தூக்கிக் கரையில் வைத்தேன். கிட்டத்தில்தானே போய் வரப்போகிறோம் என்ற துணிவு. உப்புத்தண்ணீர் பட்டால் பழுதாகும் என்று உங்கள் போனையும் வாங்கித் தங்கச்சியிடம் கொடுத்தேன். என் போன் எப்போதும் போல் வீட்டில். இருபது வருடம் கடலில் கிடந்தவன், மாப்பிள்ளைக்கு மரியாதை செய்யப்போய் எண்ணெயை விட்டுவிட்டுக் கதிரையை ஏற்றினேன்.

நீங்கள் கதிரையில் ஆடாமல் அசையாமல், உங்கள் கல்யாணச் சாரனை மடித்துப் பிடித்தபடி இருந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கிட்டத்தில் மீன் இல்லை. வெறுங்கையோடு உங்களைத் திருப்பிக் கொண்டுவர மனமில்லாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓடினேன். இரண்டு பாரைக் குட்டி பட்டது. அவ்வளவுதான். திரும்பும்போது கரைத் தென்னைகள் தெரியத் தொடங்குமுன்னே எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது.

கச்சான் காற்று தெரியும்தானே. நிலத்தில் இருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, அடுப்பு வாயில் நிற்கிற சூடு. ஒரே ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு அந்தக் காற்றுக்கு எதிரே எத்தனை தூரம் வலிப்பது? வலித்தேன், கை பொத்துப்போனது, போட் பின்னுக்குத்தான் போனது. இத்தனை வருடமும் உங்களிடம் கூட ஒப்புக்கொள்ளாததை இன்று எழுதுகிறேன்: நான் நன்றாகப் பயந்துவிட்டேன். தங்கச்சியின் மாப்பிள்ளையைக் கடலில் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு அந்த வாசலில் ஏறுவேன் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள்தான் கதிரையை விட்டு இறங்கி என் பக்கத்தில் ஈரப் பலகையில் இருந்தீர்கள். வட்டிலப்பத்தைக் கையால் பிய்த்து எனக்கு ஒரு துண்டு தந்தீர்கள். இந்த நேரம் வயலில் வக்கடை திறந்து தண்ணீர் விடுகிற நேரம், இங்கே இவ்வளவு தண்ணீர் வீணாகக் கிடக்கிறதே என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எதை எப்படிக் கதைப்பது என்று ஒரு கிழமையாக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், ஏன் எங்களை விட்டுப் போகிறீர்கள், என்ன குறை வைத்தோம் என்று பச்சையாகவே கேட்டுவிட்டேன்.

நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: "ஒரு குறையும் இல்ல மச்சான். எங்கட வீட்டுல வாப்பா நாளைக்கு நாலு தரம் எனக்கு ஏசுவார். இங்க ஏழு மாசமா ஒருத்தரும் ஒரு சொல் ஏசல்ல. விருந்தாளி எத்தின நாளைக்கு இருக்கிற?"

எனக்கு எதிரே அந்தக் கதிரை சும்மா நின்றது.

பிறகு எழும்பியதும் நீங்கள்தான். வயலில் கிளி விரட்டத் துணி கட்டுவோம், அது எவ்வளவு தூரத்துக்கும் தெரியும் என்றீர்கள். கதிரையைப் பலகையோடு கயிற்றால் இறுக்கி, அதன் முதுகு ஓட்டைக்குள் துடுப்பை நட்டு, சிவப்புக் கரை போட்ட அந்தச் சாரனை அவிழ்த்து உச்சியில் கட்டினீர்கள். உள்ளே போட்டிருந்த அரைக் காற்சட்டையோடு மாப்பிள்ளை நிற்கிறார், மேலே சாரன் படபடவென்று அடிக்கிறது. பயத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. அஸர் தொழுகை நேரம் தாண்டி மருதமுனைப் போட் ஒன்று அதைக் கண்டு திரும்பியது. கயிறு எறிந்தவர் முதலில் கேட்டதே, சாரன் தங்கள் மருதமுனைத் தறியில் நெய்ததுதானே என்றுதான்.

கரை கிட்ட வந்ததும் அவர்கள் போனில் வீட்டுக்குச் சொன்னோம். மருதமுனைக் கரையில் இறங்கும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே இருந்து உம்மா இறங்கினா. திரைச்சீலை இல்லை, நடுவில் தங்கச்சி இல்லை. நீங்கள் ஈரச் சாரனை அவசரமாகச் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தீர்கள். உம்மா மணலில் விறுவிறுவென்று நடந்து நேரே உங்கள் முன்னால் வந்து நின்றா.

"அவனுக்குத்தான் புத்தி இல்ல. உங்களுக்கும் இல்லயா மகன்? எண்ணெய் போதுமாண்டு ஒரு சொல் கேக்கப்படாதா? விடிய இருந்து நாங்க அங்க செத்துப் பிழைக்கிறம்."

இன்னும் என்னவெல்லாமோ ஏசினா. மருதமுனை ஆட்கள் வலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள், "சரி மாமி. பிழதான் மாமி" என்று மட்டும் சொன்னீர்கள். ஏழு மாதத்தில் நீங்கள் இருவரும் நேரே பேசிய முதல் பேச்சு அது. பிறகுதான் உம்மாவுக்கு நினைவு வந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினா. வேறு வாகனம் இல்லாததால் மூவரும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து இருந்தோம். கல்முனைச் சந்தி தாண்டும்போது நீங்கள் என் காதுக்குள், "மாமி எனக்கு ஏசிட்டா மச்சான்" என்றீர்கள். ஓ.எல். சோதனை பாஸான பொடியனின் முகம் உங்களுக்கு.

அடுத்த கிழமை சம்மாந்துறைக்குப் போய், மிச்ச உடுப்பையும் உங்கள் மண்வெட்டியையும் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். அதன் பிறகு பதினொரு வருடத்துக்கு மேல் காலையில் வயல், மாலையில் உம்மா வீடு. எந்தக் கல்யாண வீட்டில் வீண் ஆடம்பரத்தைக் கண்டாலும் என்னை இடித்து, "கதிரைய விட்டுப்போட்டு எண்ணெயக் கொண்டந்திருக்கலாம் மச்சான்" என்பீர்கள். போன நோன்புக்கு இரண்டு கிழமை முந்தி, வயலால் வந்து நெஞ்சு நோகிறது என்று படுத்தீர்கள். அவ்வளவுதான். உம்மா இன்னும் மாலையானால் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுக்கிறா. உங்களுக்கு ஏசுவதற்கு அவவிடம் இன்னும் நிறைய இருந்தது. எனக்கும் உங்களைத் தேடுகிறது மச்சான். சிரித்து இடிக்க ஆளில்லாமல் கல்யாண வீடுகளில் சும்மா சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

இன்று அந்தப் புதுக் கதிரையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன். இரண்டு கேன் எண்ணெய் ஏற்றினேன். உங்களுக்குப் பிறகு ஒரு நாளும் ஒரு கேனோடு நான் போனதில்லை. மருமகன் பலகையில் இருந்தார். பாரை ஒன்று பட்டதும் போனில் படம் எடுக்கப் படக்கென்று எழும்பி நின்றார். போட் ஒரு பக்கம் சரிந்தது. என்னை அறியாமலே வாய் போய்விட்டது.

"இரிங்க மகன் கீழ. போட்டுக்குள்ள எழும்பி ஆடுற வேல என்ன வேல?"

அவர் முகம் சுருங்கி இருந்துவிட்டார். எனக்குத் துணுக்கென்றது. ஒன்பது நாள் மாப்பிள்ளைக்கு மாமனார் ஏசலாமா? கொஞ்ச நேரம் போய், எங்கள் வாப்பாவும் இப்படித்தான் ஏசுவார் மாமா என்று அவர் மெல்லச் சிரித்தார். நான் எஞ்சினைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கரையில் இறங்கியதும், திறக்காமலே வந்த இரண்டாவது கேனை அவர் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். வாசலுக்கு வந்ததும், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று என் மனைவி, மாப்பிள்ளையின் தோளில் எண்ணெய்க் கேனா, வாங்குங்கள் என்று எனக்குக் கையைக் காட்டினாள்.

நான் வாங்கவில்லை மச்சான்.