அரக்கோணம் தாண்டினால் வராத குரல்

இப்போதுதான், கீழே டீக்கடையில், யாரோ ஒருவரின் போனிலிருந்து நீ கூப்பிட்டாய். "வாங்க சாமி, ரண்டி சாமி, தலை ஈரமா கீதுங்களா?" பார்சல் கட்டிக்கொண்டிருந்தவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். எதற்கு ஓடினேன் என்று கேட்காதே. திருத்தணிக்குள் உன் குரல் கேட்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இத்தனை நாளும் அரக்கோணம் தாண்டினால் அது வராது. நான்தான் அப்படிச் செய்து வைத்திருந்தேன், நீ சொன்னதால்.

நம் மாடி அறையில் எதுவும் மாறவில்லை. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வந்திறங்கிய லுங்கி மூட்டை ஒரு பக்கம், அலசிக் காயவைத்து நீ மடிப்பாயே, அந்தத் துண்டுகள் ஒரு பக்கம். மடிக்கத்தான் எனக்கு வரவில்லை. நீ இருந்தவரை சரக்கு உன் பொறுப்பு, இணையத்தில் கடையை நாலு பேர் கண்ணில் காட்டுவது என் பொறுப்பு. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு வந்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். "பருத்தித் துண்டு" என்று யார் தேடினாலும் நம் கடை மேலே வரட்டும் என்று காசைக் கொட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கடைகள் நம்மை மிதித்துக்கொண்டு மேலே நின்றன. நீ துண்டு மடித்தபடியே சொன்னாய்: "சரக்கு பேர எவன்டி தேடுவான்? அவனவன் தன் கஷ்டத்தத்தான் தேடுவான்."

மறுநாளே "புதுத் துண்டு ஏன் தண்ணீர் உறிஞ்சவில்லை" என்று தேடுகிறவர்களுக்கு நம் கடையைக் காட்டினோம். கஞ்சி போகும்வரை எந்தத் துண்டும் உறிஞ்சாது, நாங்கள் அலசியே அனுப்புகிறோம் என்று நாலு வரி. ஆர்டர் வர ஆரம்பித்தது. எனக்கு உன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

வீடியோ விளம்பரத்திலும் அதே கதைதான். "தரமான கைத்தறித் துண்டுகள்" என்று நான் எழுதிக் கொடுத்ததை நீ ஒப்பித்தாய். ஒருவரும் ஐந்து வினாடிக்கு மேல் நிற்கவில்லை. தள்ளிவிடும் பொத்தான் வந்ததும் தள்ளிவிட்டுப் போனார்கள். நான் இன்னொன்று எழுத உட்கார்ந்தேன். நீ காகிதத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உன் நைனா மாதிரி கூவினாய். மலையடிவாரத்தில், மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குத் துண்டு விற்கிறவர் அவர். தமிழ்க்காரருக்கு ஒரு வாங்க, ஆந்திராக்காரருக்கு ஒரு ரண்டி. ஆடிக்கிருத்திகைக் கூட்டத்தில் அந்தக் குரலுக்கு ஈரத் தலைகள் திரும்பும். போனில் பார்க்கிறவர்களும் திரும்பினார்கள்.

எடுத்து முடித்த பிறகு உன் முகம் சுருங்கிவிட்டது. "நைனா கண்ணுல இது படவே கூடாதுடி. ஊரும் சிரிக்கும்." உன்னைப் படிக்கவைத்த நாளிலிருந்து அவர் சொல்லி வந்தது ஒன்றுதான்: "நான் கூவுனது போதும். நீ ஃபேன் கீழ உக்காந்து வேல செய்யணும்." நீ கம்ப்யூட்டரில் கணக்குப் பார்ப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். "ஃபேன் கீழதானடி கூவுற" என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. சரி தாயே என்று விளம்பரம் போகக் கூடாத இடம் என்று திருத்தணியைச் சுற்றி வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டேன். இந்தப் பக்கம் அரக்கோணம், அந்தப் பக்கம் நகரி. அதற்குள் இருக்கிற எந்தப் போனிலும் நீ வரமாட்டாய்.

போன ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. விளம்பரத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தப் போவேன், பொத்தான்மேல் விரலை வைப்பேன், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து வேறு வேலை பார்ப்பேன். உன் குரலில்தான் கடை ஓடியது. அது வெட்கமாகவும் இருந்தது, அதை விட்டால் எனக்கு வேறு கதியும் இல்லை.

ஆனி மாதம் நைனா படியேறி வந்தார். உன் போனைத்தான் இப்போது அவர் வைத்திருக்கிறார். அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "ரேணிகுண்டா பாவா, எங்கக்கா வூட்டுக்காரரு, போன் பண்ணாரும்மா. அவரு போன்ல எம்பொண்ணு வந்து துண்டு விக்குதாமே. எனக்கு ஏன் வரல?"

வட்டத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? "இப்பவே அனுப்பறேன் நைனா, எப்ப வேணாலும் பாக்கலாம்" என்றேன்.

"நீ குடுத்தா அது நீ குடுத்தது. ஊரு ஒலகத்துக்கெல்லாம் அதுவா வந்துகினு கீது இல்ல? எனக்கும் அதுவா வரணும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து உன்னோடு சண்டைதான். பல் தேய்க்கும்போது, பார்சல் கட்டும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது. படக்கூடாது என்று சொன்னவள் நீ. வரவேண்டும் என்று கேட்கிறவர் அவர். உனக்குக் கொடுத்த வாக்கை மீற எனக்கு யார் உரிமை கொடுத்தது? உயிரோடு இருந்திருந்தால் அடுத்த நிமிடமே உன்னிடம் கேட்டிருப்பேன். பதில் சொல்ல ஆள் இல்லாத கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் அலைந்தேன்.

ஒரு நாள் சென்னையிலிருந்து மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மணவூரில் வண்டி நின்றபோது எதிர் இருக்கைக்காரரின் போனில் நீ வந்தாய். "வாங்க சாமி" என்று ஆரம்பித்து "ஈரமா கீதுங்களா" வரைக்கும்தான். கட்டைவிரலால் தள்ளிவிட்டார். நீ இருந்த இடத்தில் யாரோ பிரியாணி கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முன்பின் தெரியாத இவருக்கு உன்னைத் தள்ளிவிட உரிமை இருக்கிறது, பெற்றவருக்கு உன்னைப் பார்க்கவே வழியில்லை. அரக்கோணம் வருவதற்குள் வட்டத்தை அழித்துவிட்டேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்.

அழித்தால் உடனே வந்துவிடுமா? யாருக்கு எப்போது காட்டும் என்று போட்டவளுக்கே தெரியாத வியாபாரம் இது. அதனால் நைனாவுக்காகவே தனியாக ஒரு விளம்பரம் போட்டேன். ஊர் திருத்தணி மட்டும். வயது, ஆண் பெண் கணக்கெல்லாம் வேண்டாம், அவர் கையில் இருப்பது உன் போன். ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வீடியோக்களுக்கு முன்னால் மட்டும். அவர் விடாமல் பார்ப்பது அதுதானே. ஒரே ஓர் ஆளுக்காக இவ்வளவு மெனக்கெட்டது இதுதான் முதல் தடவை. ஆனால் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வந்தது. தேங்காய்க்கடைக்காரர் பார்த்துவிட்டார். சன்னதித் தெரு தையல்காரர் என்னை நிறுத்தி, "அந்தப் பொண்ணுதான அது?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர் சிரிக்கும் என்று பயந்தாயே, ஒருவரும் சிரிக்கவில்லை. நான்தான் நைனா கடைப் பக்கம் தினமும் போய், துண்டைப் புரட்டுகிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன். அவர் வழக்கம்போலக் கூவிக்கொண்டிருப்பார்.

அப்புறம் ஒரு மத்தியானம் போன் பண்ணினார்.

"வந்துச்சும்மா."

"தள்ளிட்டீங்களா நைனா?"

"தள்ளல." யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது. பிறகு, "ரண்டின்னு இழுக்கறப்ப மூச்சப் புடிக்கல அவ. கடைசில விட்டுட்டா. என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். கோபம் இல்லை, ஏன் கூவினாள் என்று ஒரு வார்த்தை இல்லை. போனை வைத்துவிட்டு நான் அழுதேன். எவ்வளவு வீணாகப் பயந்திருக்கிறோம், நீயும் நானும்.

இன்று காலை ஆர்டர்களைத் திறந்தால் ஒரு துண்டுக்கு உன் பெயர். உன் வீட்டு முகவரி. உயிர் போய்த் திரும்பியது. நைனா ஆர்டர் போட்டது உன் போனில் அல்லவா, நீ நிரப்பி வைத்திருந்தது தானாக ஏறியிருக்கிறது. நைனாவைக் கூப்பிட்டேன். "ரெண்டு தெருதான, நானே எட்த்தாந்து குடுத்துடறேன் நைனா" என்றேன்.

"வேணாம். எல்லாருக்கும் எப்டி அனுப்புவியோ அப்டியே அனுப்பு."

கூரியரில் போட்டால் சென்னைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். வரட்டும் என்றார். "சரி, பேரயாவது உங்க பேருக்கு மாத்திடட்டா?"

"அத மாத்தாதம்மா. பார்சல் எட்த்துனு வர்றவன் வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுவான் இல்ல? கூப்புடட்டும். அந்தப் பேர வாசல்ல யாரும் கூப்புட்றதே இல்ல இப்ப."

துண்டை அலசிக் காயவைத்து, எனக்குத் தெரிந்தவரை மடித்து, கட்டி முடித்துவிட்டேன். உன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கொண்டுபோகிறவன் அவசரத்தில் பெல்லை அடித்துவிட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது, நின்று, நைனா உள்ளே எங்கிருந்தாலும் கேட்கும்படி கூப்பிட வேண்டும். இப்போது எனக்கு இருக்கும் தவிப்பெல்லாம் அதுதான்.