ஏழே முக்கால் அழைப்பு

மார்ச் 7, சனி
உறைமழை. வாசல்படி வழுக்குகிறது, உப்புப் போட வேண்டும்.
காலை 7.45, சுகந்திக்கு அழைப்பு. அங்கே இலங்கையில் மாலை 6.15, வீடு திரும்பியிருந்தாள். இந்தக் கிழமை முழுக்க அவள் முறை: வன்னியில் ஆமியின் சோதனைச் சாவடிக்கு எதிரே, பஸ் தரிப்பில், நாலரை முதல் ஆறு வரை. யாரை மறித்தார்கள், எவ்வளவு நேரம். மரக்கறிப் பட்டியல் போல எழுதுவாள். கத்தரிக்காய் ஆண், பூசணி பெண். நான் கேட்டு, மனித உரிமை அறிக்கைக்கான படிவத்தில் பதிவேன். ஆறு மணிக்கு முன் யாரும் அவளுக்குப் போன் எடுக்கக்கூடாது. மகள் ரியூசனிலிருந்து எடுப்பாள் என்று போன் சத்தத்தை நிறுத்தமாட்டாள்.
"ஒருத்தன் என்னை ரெண்டுதரம் பாத்தவன், அக்கா. பயமாக் கிடக்கு."
"நாளைக்கு நிக்காதை."
"நிக்காட்டித்தான் சந்தேகப்படுவாங்கள்."

மார்ச் 8, ஞாயிறு
வெயில். 7.45க்கு எடுத்தேன். பஸ் ஹோர்ன். ஆண் குரல், சிங்களத்தில். கட்.
குசினிச் சுவர் மணிக்கூட்டில் 6.45. போனில் 7.45. இரவு இங்கே கோடைநேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருக்கிறார்கள், போன் தானாக மாறிவிட்டது! அங்கே 5.15தான். அவள் சாவடியில் நிற்கிறாள்.
இருபது வருஷமாகக் கனடாவில் இருக்கிறேன், மூதேவி.
எங்கள் அறிக்கையை எழுதும், ரெக்ஸ்டேலில் இருக்கும் ரெஜினா அக்காவுக்கு எடுத்தேன். "திருப்பி எடுக்காதை பிள்ளை. ஒண்டும் அனுப்பாதை."
சோறு வைத்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன். உப்பும் போடவில்லை.

மார்ச் 9, திங்கள்
வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று பொய்.
ஒன்பது மணி, தெரியாத எண். சுகந்தி! அயல்வீட்டுப் போனில். மூன்று மணித்தியாலம் பிடித்து வைத்துவிட்டு, போக விட்டார்களாம். அடிக்கவில்லையாம். நம்பத்தான் பார்க்கிறேன்.
"மரக்கறிப் பட்டியலைப் பாத்துச் சிரிச்சவங்கள். போனைத் தரேல்லை. அதில இருந்த 'கனடா அக்கா' ஆரெண்டு கேட்டவங்கள்."
"என்ன சொன்னனீ?"
"கூடப்பிறந்த அக்கா எண்டு."
"பிழை என்ரைதான், சுகந்தி."
"ஓம்," என்றாள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.
நாளைக்கும் நிற்பாளாம்.

மார்ச் 10, செவ்வாய்
மழை. குசினி மணிக்கூட்டை இன்னும் திருப்பவில்லை, தொடவே பயம்.
வேலைக்குப் போகும் மோர்னிங்சைட் பஸ்ஸில் நின்றபடி. பைக்குள் போன். திரையில் சுகந்தியின் பெயர். அவள் போன் அவர்களிடம் அல்லவா இருக்கிறது?
விட்டு விட்டு அடிக்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பெட்டை: "அன்ரி, யுவர் போன்."
சுகந்தியும் சாவடிக்கு முன்னால் இப்படித்தான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.
கூடப்பிறந்தவள் என்றால் எடுப்பாள். எடுக்காவிட்டால், நான் சொந்தமில்லை என்று தெரிந்து, அவள் சொன்னது பொய்யாகிவிடும்.
எடுத்தேன். "சொல்லு தங்கச்சி."
ஆண் குரல். நல்ல தமிழ். "அக்கா, தங்கச்சியைப் பாக்க எப்ப வாறீங்கள்?"